வேலை தேடும் 22 வயது மகனிடம் எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் மகன் இரவு ஒரு மணிக்கு வருகிறான், கேட்டால் முறைக்கிறான், என்ன செய்வது?

என் வீட்டிலும் இதேதான் நடந்தது. தினமும் நடை வாசலில் உட்கார்ந்து திட்டினேன், பலனில்லை. ஒரு ஞாயிறு, சொதி வைத்த அன்று, சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்: "எய்யா, நீ எங்க போறன்னு கேக்க மாட்டேன். பத்து மணிக்கு மேல ஆகும்னா ஒரு போன் பண்ணிரு. அதுக்கப்புறம் வந்தா சோத்துல தண்ணி ஊத்திருப்பேன், நீயே எடுத்துச் சாப்பிடு." முதல் வாரம் பழையதும் ஊறுகாயும்தான். நான் எழுந்திருக்கவில்லை. மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் சொன்னதைச் செய்தால்தான் அது எல்லை. இரண்டாம் வாரம் போன் வந்தது.

பணத்தில் இன்னும் கறாராக இருங்கள். 18 முடிந்தவர் சட்டப்படி பெரியவர். அவர் வாங்கும் கடன் அவருடையது. நீங்கள் ஜாமீனாகவோ கூட்டுக் கடன்தாரராகவோ கையெழுத்துப் போட்டால் உங்கள் தலையில் விழும். பைக் கடன் என்றாலும் யோசித்துப் போடுங்கள்.

அவன் முடி, நண்பர்கள், போன் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். அப்புறம், சொந்தக்காரர்கள் முன்னால் "இன்னும் வேலை கிடைக்கலையா" என்ற பேச்சு வந்தால் அவன் பக்கம் நில்லுங்கள்.