முதல் கவசம்: எதை வாங்குவது, எதை நாமே செய்வது?

கேள்வி: மத்திய கால ஐரோப்பியப் போர்களை மறுநிகழ்த்தும் குழு ஒன்றில் எட்டு மாதங்களாகப் பயிற்சி பெற்றுவருகிறேன். கூர் மழுக்கிய எஃகு வாள்களால் சண்டையிடுகிறோம். இதுவரை குழுவின் கவசங்களை இரவல் வாங்கி அணிந்தேன். இனி சொந்தமாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் சாதாரணக் காலாள் வீரனாகக் களம் இறங்க ஆசை. இணையத்தில் தலை முதல் கால் வரை முழு செட் ஒன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. அதை வாங்கிவிடலாமா? சங்கிலிக் கவசத்தை நானே பின்னிக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். தையலும் ஓரளவு பட்டறை வேலையும் தெரியும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முழு செட்டை வாங்காதீர்கள். சங்கிலிக் கவசத்தையும் இப்போது பின்ன வேண்டாம். துணியிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். கவசத்தைச் சட்டைபோல ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று வாங்க முடியாது. உடம்போடு பொருந்தாத தகடு அடி விழுந்ததும் நகரும். நகர்ந்த தகட்டின் விளிம்பு உங்கள் தொடையிலோ கழுத்திலோ குத்தும். அது மூட வேண்டிய மூட்டு வெளியே தெரியும். நான் முதன்முதலில் வாங்கிய மார்புக் கவசம் இரண்டு விரற்கடை நீளம் அதிகம். நின்றபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்த கணத்தில் கீழ்விளிம்பு தொடையில் இடித்து, மேல்விளிம்பு தொண்டைக்கு ஏறிவிட்டது. மார்புக் கவசம் முடிய வேண்டிய இடம் இடுப்பெலும்பு அன்று. அதற்கு மேலே, பக்கவாட்டில் சாயும்போது உடம்பு மடிகிற இடம். இன்றைய காற்சட்டையின் பெல்ட் அதைவிடக் கீழே இருப்பதால் பெரும்பாலோர் இதில்தான் தவறுகிறார்கள்.

துணியைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள். முதலாவது, உங்கள் குழுவின் விதிகள். தலையில் அடிக்கலாமா, முகத்தில் குத்தலாமா, முழங்காலுக்குக் கீழே வெட்டலாமா என்பவை குழுவுக்குக் குழு மாறும். 1966இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ அமைப்பினர் எஃகுக்குப் பதில் பிரம்பு ஆயுதங்களால் மோதுகிறார்கள். அங்கேயே தலைக்கவசத் தகடு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முகத்தடுப்பின் இடைவெளியில் 25.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி நுழையக் கூடாது என்று விதி இருக்கிறது. எஃகு வாளோடு ஆடும் உங்களுக்கு இதைவிடக் கூடுதலான காப்பு வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு. ‘14ஆம் நூற்றாண்டு’ என்பது போதாது. 1310இன் வீரனும் 1390இன் வீரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வெவ்வேறு உலகத்து ஆட்களாகத் தெரிவார்கள். அந்த எண்பது ஆண்டுகளில்தான் சங்கிலிக் கவசத்தின் மேல் தகடுகள் ஒவ்வொன்றாக ஏறின. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 1360ஐ ஒட்டிய காலம். ஏன் என்பது, தோல் அல்லது துணி உறையின் உட்புறம் தகடுகளைப் பொருத்திய ‘தகட்டுச் சட்டை’யைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

இனி துணி. கேம்பிசன் என்றும் ஆக்கெட்டன் என்றும் சொல்லப்படும் பஞ்சுச் சட்டைதான் அடியை வாங்கிக்கொள்கிறது. எஃகுத் தகடு அடியைப் பரப்பும். பரப்பிய அடியை அடக்குவது பஞ்சுதான். ஆக்கெட்டன் என்ற பெயரே பருத்தியைக் குறிக்கும் ‘அல்-குத்ன்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. லினன் அல்லது கெட்டியான பருத்தித் துணியில், உள்ளே பஞ்சு அடைத்தோ பழைய துணிகளைப் பல அடுக்காக வைத்தோ, நெடுக்காகத் தையல் ஓட்டித் தைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சாது. தகட்டுக்கு அடியில் அரைமணி நேரத்தில் உடம்பு கொதித்துவிடும். தகடு போடப்போகிற இடத்தில் சட்டையை மெல்லியதாகவும், தகடு வராத இடத்தில் கெட்டியாகவும் வைப்பது நல்லது.

கைக்குழியை வெட்டும்போது அவசரப்படாதீர்கள். 1364இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் இறந்த, பிரான்சின் பிரித்தானி (Brittany) பகுதிப் பிரபு ஷார்ல் த ப்லுவாவுடையது எனப்படும் சட்டை ஒன்று பிரான்சின் லியோன் நகரத்து நெசவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கைக்குழி இன்றைய சட்டைகளில் இருப்பதைப்போலத் தோளோடு நிற்கவில்லை. மார்புக்குள்ளும் முதுகுக்குள்ளும் புகுந்து பெரிய வட்டமாக ஓடுகிறது. கை உயர்ந்தால் கை மட்டும் உயரும். சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் தைத்ததை இப்படிச் சோதியுங்கள்: இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். சட்டையின் கீழ்விளிம்பு ஏறினால் குழியைப் பிரித்து மறுபடி வெட்டுங்கள். இந்தச் சட்டையின் இடுப்பில்தான் கால் கவசம் கயிறுகளால் தொங்கப்போகிறது. சட்டை ஏறினால் காலையும் சேர்த்து இழுக்கும். இடுப்பு நன்றாக இறுகியிருந்தால் கால் கவசத்தின் கனம் தோளுக்குப் போகாமல் இடுப்பிலேயே உட்காரும்.

சட்டை முடிந்த பிறகே மற்ற எல்லாவற்றுக்கும் அளவெடுக்க வேண்டும், அதுவும் அதை அணிந்துகொண்டு. உள்ளிருந்து வெளியே போவதுதான் வரிசை. முழு செட்டை முதலில் வாங்குபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

தலைக்கவசத்தையும் கைக்கவசத்தையும் நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை. தப்பு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடமில்லாத உறுப்புகள் இவை. அனுபவமுள்ள கவசக் கொல்லரிடம் அளவு கொடுத்துச் செய்துவாங்குங்கள். சேமித்த பணத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே போகட்டும்.

உங்கள் காலத்துக் காலாள் பெரும்பாலும் அகன்ற விளிம்புள்ள இரும்புத் தொப்பி அணிந்தவன். வரலாற்றுக்கு அது பொருத்தம்தான். ஆனால் முகம் திறந்திருக்கும். முகத்துக்குக் குறிவைப்பது உங்கள் குழுவில் தடை என்றாலும், கேடயத்தில் பட்டு வழுக்கிய வாள்முனைக்கு விதி தெரியாது. ஆகவே ‘பாசினெட்’ எனப்படும், முகமூடியுள்ள தலைக்கவசத்தை வாங்குங்கள். அதுவும் அந்தக் காலத்துக்குரியதே. முகமூடி தானாகத் திறக்காதபடி வாரோ கொக்கியோ இருக்க வேண்டும்.

வாங்கும்போது கவசத்தின் வெளிப்புறத்தை மறந்து உட்புறத்தைப் பாருங்கள். மலிவான தலைக்கவசங்களில் இரண்டு பாதிகளை நடுவே வெல்டிங் செய்து, தடயம் தெரியாமல் இருக்க வெளியே வழவழவென்று தேய்த்துவிடுவார்கள். அந்தத் தேய்ப்பில் தகடு மெலிந்திருக்கும், அடி விழுகிற உச்சிக் கோட்டிலேயே. உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தால் வெல்டிங் மறுபக்கம்வரை இறங்கியிருக்கிறதா என்று புரியும். சாதாரண மைல்டு ஸ்டீல் என்றால் 2 மில்லிமீட்டர் கேளுங்கள், 1.2 மில்லிமீட்டரில் வருபவை அலமாரியில் வைக்க. ‘ஸ்பிரிங் ஸ்டீல்’ என்று சொன்னால், வடிவம் தட்டிய பிறகு சூடேற்றி, தோய்த்துச் சட்டெனக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினார்களா என்று கேளுங்கள். அது நடக்கவில்லை என்றால் நீங்கள் காசு கொடுப்பது பெயருக்குத்தான்.

உள்ளே இருக்கும் துணித் தொட்டில் தலையைத் தாங்க வேண்டும். தகடு மண்டையை எங்கும் தொடக் கூடாது, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். நாடிவாரைக் கட்டிக்கொண்டு தலையைப் பலமாக இட வலமாக ஆட்டுங்கள். தலை திரும்பிய பிறகு தலைக்கவசம் தாமதமாகத் திரும்பினால் பொருத்தம் சரியில்லை. நண்பரை விட்டுப் பின்விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளச் சொல்லுங்கள். கண்ணை மறைத்தால் நாடிவாரின் பின்பக்கப் பட்டைகள் தவறான இடத்தில் இருக்கின்றன. பாசினெட்டிலிருந்து கழுத்தைச் சுற்றித் தொங்கும் சங்கிலித் திரையை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு அடியில், வெளியே தெரியாதபடி, தொண்டையையும் பிடரியையும் மூடும் கெட்டியான கழுத்துப்பட்டை அவசியம்.

கைக்கவசத்தை உங்கள் வாளைப் பிடித்தபடியே சோதிக்க வேண்டும். கட்டைவிரலைக் கவனியுங்கள்: எதிராளியின் வாள் உங்கள் குறுக்குப்பிடியைத் தாண்டி இறங்கினால் அது முதலில் சந்திப்பது அதைத்தான். விரல் தகடுகள் அடியில் நசுங்கிக் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பதப்படுத்திய எஃகு தேவை. இந்த ஓரிடத்தில் விலையைப் பார்க்காதீர்கள்.

நீங்களே செய்ய வேண்டியது தகட்டுச் சட்டை. 1361 ஜூலை 27 அன்று, இன்றைய ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில், விஸ்பி நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் படை உள்ளூர் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. கோடை வெப்பத்தில் பிணங்களை அவசரமாகப் புதைத்தார்கள். பலரை அணிந்திருந்த கவசத்தோடே குழியில் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளோடு ஏறத்தாழ 25 தகட்டுச் சட்டைகள் வெளிவந்தன. பிரபுக்களின் பளபளப்பான கவசங்கள் பல மாளிகைகளில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சாதாரண வீரன் அணிந்தது இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்த இடம் வேறு அரிது. 1360ஐ நான் சொன்னது இதனால்தான். அந்த எலும்புகளில் முழங்காலுக்குக் கீழே விழுந்த வெட்டுக்கள் ஏராளம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் கவசத்தை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் காட்டுவது அந்த எலும்புகளின் படங்களைத்தான்.

செய்முறை இது. கெட்டியான தோலோ கான்வாஸோ வெளியுறை. அதன் உட்புறம் தகடுகள். வெளியே தெரிவது தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் மட்டும். முதலில் எல்லாத் தகடுகளையும் அட்டையில் வெட்டி, பழைய சட்டை ஒன்றில் ஒட்டி, குனிந்து, திரும்பி, உட்கார்ந்து பாருங்கள். அட்டையில் இடிப்பது எஃகில் இரண்டு மடங்கு இடிக்கும். பிறகு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீலில் வெட்டுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை ஒருபோதும் சூடாக்காதீர்கள். எழும் புகை நஞ்சு. மூலைகளை வட்டமாக்கி, விளிம்புகளை விரலால் தடவினால் சிராய்க்காதபடி அரத்தால் தேயுங்கள். நீங்கள் விழும்போது அந்த விளிம்பின் மேல்தான் விழுவீர்கள். ஒவ்வொரு தகட்டையும் மரக்கட்டையின் வளைவில் வைத்துத் தட்டி உடம்பின் வளைவுக்குக் கொண்டுவாருங்கள். தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று இரண்டு சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். உறையில் துளையை வெட்டாமல் குத்தூசியால் குத்தி விலக்கினால் இழைகள் அறுபடாது. அகன்ற தலையுள்ள ரிவெட்டை வெளியிலிருந்து செருகி, தகட்டுக்கு மேல் நீட்டிய வாலை ஆணியின் தடிமன் அளவுக்கே விட்டு நறுக்குங்கள். நீளம் கூடினால் வால் தலையாக மலராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தலையை இரும்புக் கட்டியில் ஊன்றி, சுத்தியலின் உருண்டை முகத்தால் வாலைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஓங்கி ஒரே போடு போட்டால் ஆணி உள்ளுக்குள் வளையும். முதல் பத்து ஆணிகள் கோணலாகத்தான் வரும். பிடுங்கிவிட்டு மறுபடி அடியுங்கள். சட்டை பின்னால் திறப்பதாக இருந்தால், முதுகுத் தண்டின் மேல் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூட வேண்டும்.

முழங்கை, முழங்கால் கிண்ணங்களை வாங்கிக்கொள்ளலாம். கிண்ணம் மூட்டின் முனையில் உட்காரக் கூடாது; சுற்றியுள்ள பஞ்சில் தாங்கி, முனைக்கும் தகட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்க வேண்டும். இதைக் கவனித்தால் போதும்.

சங்கிலிக் கவசத்துக்கு வருகிறேன். நீங்கள் பின்ன நினைப்பது, கம்பியை வளைத்து முனைகளை வெறுமனே சேர்த்த வளையங்கள் என்று ஊகிக்கிறேன். பல்லாயிரம் வளையங்கள், மாதக்கணக்கில் உழைப்பு. முடிவில் ஒரு நல்ல அடியில் வளையங்கள் வாய் பிளந்து உதிரும். மத்திய கால ஐரோப்பியச் சங்கிலிக் கவசத்தில் வளையங்களின் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, துளையிட்டு நுண்ணிய ஆணி அடித்தார்கள். அப்படிப்பட்டதைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டைத் தடுக்கும் அது அடியின் வேகத்தைத் தடுக்காது. பத்துக் கிலோவை ஒட்டிய கனத்தைத் தோளில் ஏற்றும். பஞ்சுச் சட்டையும் தகட்டுச் சட்டையும் இருக்கிறவருக்கு அது இல்லாமலே முதல் ஆண்டு ஓடும்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தகடுகளைத் துடைத்து எண்ணெய் பூசி, பஞ்சுச் சட்டையை உள்ளை வெளியாகத் திருப்பிக் காயப்போடுங்கள். தகடு உடைந்து களத்தை விட்டு வெளியேறியவர்களை நான் பார்த்தது குறைவு. வார் அறுந்து வெளியேறியவர்கள் நிறைய. பையில் மாற்று வார் இரண்டும், கால் கவசம் கட்டும் கயிறு கொஞ்சமும் எப்போதும் இருக்கட்டும்.