ஆஸ்பத்திரிக்கு 100 மீட்டருக்குள் ஆர்ப்பாட்டமே நடத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

அப்படி ஒரு தடை கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் "பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த 100 மீட்டர் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் வருவது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி ஒலிபெருக்கி, வெடி, மேளம் கூடாது என்கிறது. கூடி நிற்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம், அதாவது இந்த ஒலித் தடை பொருந்தும் பகுதி. தலைவர்கள் வரும்போது அதே வாசலில் சரவெடி கொளுத்துவார்கள், அப்போது எந்த அதிகாரிக்கும் இந்த விதி நினைவுக்கு வராது. அது வேறு கதை.

அனுமதி விவகாரம் சென்னையில் 1888 மாநகரக் காவல் சட்டம் 41-வது பிரிவு, மாவட்டங்களில் 1861 காவல் சட்டம் 30(2). 41-இன் கீழ் போடும் தடை, அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாளுக்கு மேல் நிற்காது. அதனால்தான் மாதம் இருமுறை புதுப்பிக்கிறார்கள். மனு 5 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஆனால் 5 நாள் கணக்கில் கொடுத்தால் மறுப்பு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும், ஹைகோர்ட் போக நேரமிருக்காது. 10, 12 நாள் முன்பே கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

மனுவில் எந்த கேட், எந்தப் பக்க நடைபாதை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், ஆம்புலன்ஸ் திரும்பும் வழி எது என்று எழுதுங்கள். 50 பேர் என்று எழுதி 300 பேர் வந்தால் அனுமதி இருந்தும் வழக்கு வரும். "மைக் இல்லை, பதாகை மட்டும்" என்ற ஒரு வரி மறுப்புக்கான முதல் காரணத்தையே எடுத்துவிடும். மைக் வேண்டுமென்றால் சென்னையில் சிவானந்தா சாலை, ராஜரத்தினம் மைதானம் பக்கம் கேளுங்கள்.

நோயாளிகளைப் பற்றிக் கவலையில்லையா என்று கமென்ட்டில் வருவார்கள். வாசலை மறிப்பது குற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பொது இடத்தில் கூட்டம் நடத்துவதை முறைப்படுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்பது 1972-இல் உச்ச நீதிமன்றத்தின் ஹிமத்லால் ஷா வழக்கிலேயே முடிந்த விஷயம். தடையை மீறினீர்கள் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 223 பிரிவு மட்டும் போட்டிருந்தால், போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலிருப்பவரோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை ஹைகோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது.