ஐசியூவில் மருந்தை ஒரே ஊசியாகப் போடாமல் நாள் முழுக்க பம்பில் ஏற்றுவது பில்லைக் கூட்டத்தானா?

இல்லை. கேள்வியைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரோ ஐசியூவில் இருக்கிறார்கள், பில்லில் 'சிரிஞ்ச் பம்ப்' (சிரிஞ்சில் இருக்கும் மருந்தை மெதுவாக, ஒரே சீராகத் தள்ளும் கருவி) என்ற வரி கண்ணை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. நான் மருத்துவர் இல்லை. பதினேழு வருடம் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். கட்டில் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன், கருத்துப் பெட்டியில் எனக்கு மருந்தியல் வகுப்பு எடுக்க வேண்டாம்.

சில மருந்துகள் உடம்பில் தங்காது. பிரஷர் விழுந்து கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் நார்அட்ரினலின் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் பாதியாகிவிடும். மொத்தமாகப் போட்டால் பிரஷர் எகிறி ஆளே போய்விடலாம். துளி துளியாகப் போட்டால் சில நிமிடத்துக்கு ஒரு ஊசி என்று விடியும்வரை குத்த வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமானால், ஒழுகுகிற அளவு மேலே விழுந்துகொண்டே இருக்க வேண்டாமா?

இன்சுலினும் அப்படித்தான். தோலுக்கடியில் போட்டால் மணிக்கணக்கில் வேலை செய்கிற அதே ரெகுலர் இன்சுலின், நரம்பில் போட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாகி வருகிறவர்களுக்கு வழக்கமாக மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 யூனிட் ஓடும். மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்ப்போம், பொட்டாசியம் இறங்குகிறதா என்று நடுநடுவே ரத்தம் அனுப்புவோம். சர்க்கரை வேகமாக இறங்கினால் பம்பைக் குறைத்துவிடலாம். தோலுக்கடியில் போட்ட ஊசியைத் திரும்ப உருவ முடியுமா?

சரி, இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

2008இல் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி. ஐந்து நோயாளிகளுக்கு நானும் ஒரு புதுப் பெண்ணும். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி வந்த பெரியவர் ஒருவருக்கு நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அந்த பம்பின் பேட்டரி படுத்துவிட்டது, கரண்ட் வந்தும் அது எழுந்திருக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று அதற்கு இரண்டு மாதம் முன்பே புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து போட்டிருந்தேன். மீதி பம்புகள் எல்லாம் மற்ற நோயாளிகளிடம். 108இல் இருந்த பிரஷர் மூன்று நிமிடத்தில் 62.

டூட்டி டாக்டர் ஓடி வந்தார். சிரிஞ்சைக் கையால் தள்ளலாமா என்றுகூடக் கேட்டார், பாவம், சின்னப் பையன். கூடாது என்றேன், மைக்ரோ டிரிப் செட்டில் (பாட்டிலிலிருந்து பொடிச் சொட்டாக விடும் குழாய்) விடலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டியதும் கணக்குப் போட்டோம். பம்பில் 50 மில்லியில் 4 மில்லிகிராம், மணிக்கு 6 மில்லி ஓடியது. அதே 4 மில்லிகிராமை 500 மில்லி பாட்டிலில் கலந்தால் பத்து மடங்கு நீர்த்துப்போகும், அப்போது மணிக்கு 60 மில்லி. மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. ஆக நிமிடத்துக்கு 60, வினாடிக்கு ஒரு சொட்டு.

எழுத்தில் அழகாக இருக்கிறது, இல்லையா? பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க சொட்டு தாமதமாகும், பெரியவர் இருமினால் நிற்கும். ஒரு கை சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரில், கண் கைக்கடிகார முள்ளில், நடுவே மானிட்டரில். வேறொரு இடத்திலிருந்து பம்ப் வந்து சேர ஐம்பத்தைந்து நிமிடம். அதுவரை அப்படியே நின்றேன். மற்ற நான்கு பேரையும் அந்தப் புதுப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். பிரஷர் 100க்குத் திரும்பியது. பெரியவர் ஒன்பதாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

டிஸ்சார்ஜ் அன்று அவர் மகன் பில் கவுன்டரில் சண்டை. "அன்னைக்கு ராத்திரி பம்ப் இல்லாமலே மருந்து ஓடுச்சுல்ல? அப்புறம் எதுக்குங்க பம்ப்புக்குக் காசு?" நியாயமான கேள்வி. பழுதான பம்புக்கும் முழு நாள் வாடகை போட்டிருந்தார்கள், அதைக் கழிக்கத்தான் வேண்டும். தேவையில்லாமல் மாட்டி வைக்கிற இடங்கள் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு எரிந்தது அந்த 'இல்லாமலே'. பம்ப் ஓடாத நேரத்தில் பம்பாக நின்றவள் நான், அதற்குப் பில்லில் வரி கிடையாது. அன்று என் மாதச் சம்பளம் 4,500 ரூபாய். இரண்டு வருட பாண்ட் என்று என் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருந்தார்கள், அதை வாங்க நான் நடந்த நடை தனிக் கதை.

இன்னொன்று. பம்புக்குக் கணக்குக் கேட்கிற இதே ஆட்கள்தான் "உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்" என்று சொல்லி, கணக்குக் கேட்காமலே காசை நீட்டுவார்கள். அந்த குளுக்கோஸ் பாட்டில், அதாவது அரை லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாய் வழியே சாப்பிட முடிந்தவருக்கு இரண்டு டம்ளர் இனிப்பான எலுமிச்சை ஜூஸ் போதும். இதைச் சொன்னதற்கு என் சின்ன மாமனார் மூன்று தீபாவளியாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

உங்களுக்கு பில்லில் சந்தேகம் இருந்தால் எந்த மருந்து, மணிக்கு எத்தனை மில்லி, எதைப் பார்த்துக் கூட்டுகிறீர்கள், குறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அது ஐசியூ சார்ட்டில் மணிவாரியாக எழுதியிருக்கும். பம்ப் கத்தினால் மட்டும் நீங்களாக எந்தப் பட்டனையும் அமுக்காதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.