வித்தை கற்றான், வித்தை காட்டினான்

அன்புள்ள ஆசிரியருக்கு,
வரிகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் மறைந்த என் அம்மாவின் பெயர் வரும்படி ஒரு கவிதை எழுதினேன். நண்பர் ‘வெறும் கிம்மிக்’ என்றார். கிம்மிக்கை நம்பி எழுதுவதற்குத் தமிழில் சரியான சொல் எது? உத்தியா, ஜாலமா? கவிதையை இணைத்திருக்கிறேன்.
ம.

அன்புள்ள ம.,

சில வாரங்களாக நானும் இதே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உத்தி ஆகாது. தொல்காப்பியம் நூல் செய்யும் முறைக்கு 32 உத்திகள் சொல்கிறது. மரியாதையான சொல், அதைக் கெடுக்க வேண்டாம். ஜாலம் பரவாயில்லை. அது கிடக்கட்டும்.

தமிழ் இந்தக் குற்றத்தை வினைச்சொல்லில் வைத்திருக்கிறது. வித்தை கற்றான் என்றால் கும்பிடுகிறோம். வித்தை காட்டினான் என்றால் முகம் சுளிக்கிறோம். வேலை செய்தான், வேலையைக் காட்டினான். படம் வரைந்தான், படம் காட்டினான். பாவ்லா, போக்கு, பூச்சாண்டி எல்லாம் ‘காட்டு’வதுதான். வழி காட்டுவதும் தீபம் காட்டுவதும் வேறு. அங்கே காட்டுகிறவர் ஒதுங்கி நிற்கிறார், நம் கண் அவர்மேல் படுவதில்லை.

சம்பந்தரின் ‘யாமாமாநீ யாமாமா’ பாட்டைப் பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டுதான் வரும். நடுவே ‘காழீயா’ என்று சீர்காழிக்காரனான சிவனை அழைக்கிறார். அது தீபம் காட்டுவது. எழுத்தைக் கோப்பதே தப்பு என்று உங்கள் நண்பர் சொன்னால், அவர் இன்னும் கொஞ்சம் படிக்கட்டும்.

சிறுவயதில் விடிய விடியக் கூத்து பார்த்துவிட்டு, துரியோதனன் கழற்றி வைத்த கிரீடத்தைத் தொட்டிருக்கிறேன். கல்யாண முருங்கை மரம், தக்கை மாதிரி லேசு. மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும். ஓரிடத்தில் ஜிகினா உரிந்திருந்தது. அடியில் மரத்திலேயே பூ செதுக்கியிருந்தார்கள், ஒவ்வோர் இதழாக. யார் கண்ணிலும் படாத இடம் அது.

உங்கள் கவிதையையும் உரித்துப் பார்த்தேன். முதல் வரி அழவைத்தது. இரண்டாவது ‘ரம்மியமான’ என்று தொடங்குகிறது. ஏன்? ர வேண்டும், அவ்வளவுதானே? அந்தச் சொல் உங்கள் அம்மா வாயிலிருந்து ஒருநாளாவது வந்திருக்குமா? அம்மாவுக்கு எழுதும்போதுமா இந்தச் சோம்பல்? அந்த ஒரு வரியில் மட்டும் வேலையைக் காட்டிவிட்டீர்கள். அடித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். ரசமும் ரவிக்கையும்கூட ர-வில்தான் தொடங்குகின்றன.