லாட்ஜ் பில் ஒன்று, கார்டு பில் வேறொன்று: வாசகர் கேள்வி-பதில்

தை அமாவாசை முடிந்து கார்டு பில் வரும் நாட்களில் எனக்கு வரும் கடிதங்கள் ஒரே சாயலில் இருக்கும். அக்னி தீர்த்தத்தில் குளித்தோம், கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடினோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் லாட்ஜில் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள் என்று. இந்த முறை வந்தவற்றில் சில.

கே: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். ராமேஸ்வரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது 6,400 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தார்கள். சிக்னல் போய்விட்டது, மெஷினிலிருந்து ரசீதுத் துண்டு வரவில்லை என்று மறுபடியும் தேய்த்தார்கள். போனில் இரண்டு மெசேஜ். மேனேஜரோ "எங்களுக்கு ஒன்றுதான் வந்தது" என்கிறார். யாரை நம்புவது?

ப: போனில் வந்த மெசேஜும் உண்மையாக இருக்கலாம், மேனேஜர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். கார்டைத் தேய்த்த உடனே உங்கள் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி மட்டும் வைக்கிறது. மெசேஜ் அப்போதே வந்துவிடும். லாட்ஜ் கணக்குக்குப் பணம் போவது, அவர்கள் மெஷினில் அன்றைய கணக்கை முடித்து செட்டில்மென்ட் போட்ட பிறகுதான். நடுவில் சிக்னல் அறுந்தால் ஒதுக்கியது ஒதுக்கியபடியே நிற்கும். அங்கே ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. இப்படித் துண்டு வராமல் நின்றுபோன பணத்தை 5 நாளுக்குள் தானாகவே திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது.

அதனால் 5 நாள் பொறுங்கள். அப்புறம் கார்டு ஆப்பைத் திறந்து, அது 'பெண்டிங்' என்று நிற்கிறதா, பில்லில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். இரண்டுமே ஏறிவிட்டால் மேனேஜரிடம் குரலை உயர்த்த வேண்டாம். அன்றைய செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஒப்புதல் கிடைத்த ஒவ்வொரு முறைக்கும் தனி ஒப்புதல் எண் உண்டு. இரண்டு எண்ணும் அதில் இருந்தால் பணம் அவர்களிடம்தான் இருக்கிறது. கார்டுக்கே திருப்பிப் போடச் சொல்லுங்கள். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். நாளைக்கு நீங்கள் வாங்கியதற்கும் ஆதாரம் இருக்காது, அவர்கள் கொடுத்ததற்கும் ஆதாரம் இருக்காது.

அவர்கள் மசியவில்லை என்றால் வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது அந்தத் தொகையை மறுத்துப் புகார், போடலாம். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் படிவத்தில் 'மோசடி' என்ற கட்டத்தை டிக் செய்துவிடுகிறார்கள். அதற்கு 'இந்தப் பணத்தை எடுக்க நான் அனுமதிக்கவே இல்லை' என்று பொருள். நீங்களோ பின் நம்பரைப் போட்டிருக்கிறீர்கள். வங்கி முதலில் கார்டை முடக்கும், பிறகு பின் போட்ட பதிவைக் காட்டிப் புகாரை மூடிவிடும். உங்களுக்கு உரிய கட்டம் 'ஒரே தொகை இருமுறை'. நான் வங்கியின் கார்டு பிரிவில் இருந்த காலத்தில் நியாயமான புகார்கள் பல இந்த ஒரு டிக்கினால் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்.

லாட்ஜ் பில், கிடைத்த ஒரு துண்டு, இரண்டு மெசேஜின் படம், மேனேஜருக்கு அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாவற்றையும் இணைத்துப் புகார் எண் வாங்குங்கள். பில்லில் தவறு என்று நீங்கள் சொன்னால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் வங்கி தர வேண்டும். தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448.

கே: டிஸ்ப்யூட் முடியும்வரை கார்டு பில்லைக் கட்டாமல் இருக்கலாமா? - உச்சிப்புளி வாசகர்

ப: கூடாது. சண்டை அந்த ஒரு தொகைக்கு மட்டும். மீதியைக் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள். சண்டைத் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வது போதாது. நிறுத்தவில்லை என்றால் அதையும் கட்டிவிட்டே வாதாடுங்கள், ஜெயித்தால் திரும்ப வரும். 'பில்லில் போட்டிருக்கும் மினிமம் தொகையைக் கட்டினால் போதும்' என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்புறம் நீங்கள் வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கே: கீழக்கரை. மகனைப் பார்க்க துபாய் போனபோது மூன்று இரவு ஹோட்டலில் தங்கினோம். ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து 340 திர்ஹாம் எடுத்திருக்கிறார்கள். ஓடிபியே வரவில்லை. திருட்டுதானே?

ப: அவசரப்படாதீர்கள். பெரும்பாலான ஆன்லைன் செலவுக்கு ஓடிபி கேட்பது நம் ஊர் நடைமுறை. வெளிநாட்டுக் கடைகளும் ஹோட்டல்களும் பல நேரம் அது இல்லாமலே எடுக்க முடியும். அறைக்குள் போகும்முன் நீங்கள் கையெழுத்திட்ட தாளில், 'பின்னால் தெரியவரும் செலவையும் இந்தக் கார்டில் எடுக்கலாம்' என்று ஒரு வரி இருக்கக்கூடும். யார் அதையெல்லாம் படிக்கிறோம்?

முதலில் ஹோட்டலுக்கு மின்னஞ்சல்: எந்தத் தேதி, எந்த அறை, என்ன செலவு, பில் எங்கே? துபாயில் அறை ஒன்றுக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை 'டூரிசம் திர்ஹாம்' என்று தனிக் கட்டணம் உண்டு. மூன்று இரவுக்கு அது 60ஐத் தாண்டாது. மிச்சத்துக்கு அவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது தந்த பில்லில் பாக்கி பூஜ்யம் என்று இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் அந்த மின்னஞ்சலோடு வங்கிக்குப் போங்கள். 'நான் ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதலாக எடுத்தார்கள்' என்பது உங்கள் கட்டம். திரும்பி வரும் பணம் ரூபாயில் சற்றுக் கூடக் குறைய இருக்கும். நாணய மதிப்பு மாறியிருக்குமே.

இன்னொன்று. ஊர் திரும்பியதும் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள்.

கே: மண்டபத்தில் அறை பதிவு செய்தோம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போகவில்லை. முழு வாடகையும் எடுத்துவிட்டார்கள். திரும்பப் பெறலாமா? - மதுரை

ப: நீங்கள் விரும்பும் பதில் இல்லை இது. பதிவு செய்யும்போது 'ரத்து செய்தால் பணம் இல்லை' என்ற விதிக்கு ஒப்புக்கொண்டிருந்தால், கூண்டு எத்தனையாவது எண் என்றாலும் கார்டு டிஸ்ப்யூட்டில் நிற்காது. ஹோட்டல் திறந்திருந்தது, அறை காத்திருந்தது என்பார்கள். ஆனால் அவர்களே மூடியிருந்தாலோ, அனுமதித்த நேரத்துக்குள் நீங்கள் ரத்து செய்து அதற்கு எண்ணோ மின்னஞ்சலோ வைத்திருந்தாலோ உங்கள் பக்கம் பலம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அதை நம்பி உட்காராமல் பில் வந்த மாதமே எழுதுங்கள். விதி எதிராக இருந்தால் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள். ஆள் வராத மாதங்களில் பல லாட்ஜுகள் சரி என்றுவிடும்.

கே: 2,000 ரூபாய் அறைக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். டிஸ்ப்யூட் போடவா?

ப: 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 240க்குப் பதில் 100. லாட்ஜில் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 140 ரூபாய்க்குக் கார்டு டிஸ்ப்யூட் சுற்றுவழி.

கே: நான் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். தங்கிவிட்டுப் போனவரே 'இந்தச் செலவு என்னுடையது அல்ல' என்று சொல்லி, என் கணக்கிலிருந்து வங்கி பணத்தை எடுத்துவிட்டது. நியாயமா?

ப: மறுபக்கமும் கேட்பது நல்லதுதான். வங்கி அனுப்பிய நோட்டீஸில் ஒரு கெடு தேதி இருக்கும், அதைத் தாண்டினால் கதை முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்டர் பக்கம், அடையாள அட்டை நகல், கார்டு துண்டு, காலி செய்த நாளின் பில், நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். பின் போட்ட துண்டு இருந்தால் பெரும்பாலும் நீங்கள் ஜெயிப்பீர்கள்.

அவர் பொய் சொன்னார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மெஷின் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது? இதே போன்ற ஒரு புகாரில், லாட்ஜ்காரர் தன் அப்பா நடத்திய மளிகைக் கடைப் பெயரிலேயே மெஷினை வைத்திருந்தார். காசி, ராமேஸ்வரம் முடித்து வீடு திரும்பியவர் பில்லில் ஏதோ மளிகைக் கடையைப் பார்த்தால் திருட்டு என்றுதானே நினைப்பார். மெஷின் தந்த வங்கியிடம் பெயரை மாற்ற எழுதிக் கொடுங்கள். மாறும்வரை லாட்ஜ் பில்லின் அடியில் 'கார்டு பில்லில் இந்தப் பெயரில் வரும்' என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுங்கள்.