மீகாங் ஸ்லோ போட்: டிக்கெட்டை எங்க வாங்கணும், ரூமை எப்போ புடிக்கணும்

லாவோஸ்ல தாய்லாந்து பார்டர் ஊரான ஹுவாய் சாய்ல ஏறி, மீகாங் ஆத்து வழியா போய் லுவாங் பிரபாங்ல இறங்குற ரெண்டு நாள் படகு (அதுதான் ஸ்லோ போட்) பத்தி கொஞ்ச நாளா கேள்வி வந்துகிட்டே இருக்கு, முக்கால்வாசி காசு சம்பந்தப்பட்டது தான், அதனால ஒண்ணா பதில் போட்டுடுறேன்.

கேள்வி: அண்ணா, நானும் ஃப்ரெண்டும் டிசம்பர்ல தாய்லாந்து சியாங் ராய்ல இருந்து கெளம்புறோம். வேன், படகு டிக்கெட், நடுவுல பாக்பெங்ல ஒரு நைட் ரூம் எல்லாம் சேத்து ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் சொல்றாரு. நாங்களே தனித்தனியா வாங்குனா மிச்சமாகுமா, இல்ல அலைச்சல் தான் மிச்சமா?

மிச்சமாகும் தம்பி. அலைச்சலும் கொஞ்சம் இருக்கும், ஆனா நீங்க நெனைக்கிற அளவு இல்ல.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, பேக்கேஜ்ல போறவருக்கும் படித்துறை கவுண்டர்ல வாங்குறவருக்கும் ஒரே படகு தான். ஏஜென்ட்கிட்ட வாங்குனா நல்ல சீட்டுன்னு ஒண்ணும் கிடையாது. நீளமா ஒல்லியா ஒரு மரப்படகு, உள்ள பழைய வேன்ல இருந்து கழட்டுன சீட்டுங்க, பாதி சீட்டு தரையில சரியா முடுக்கியிருக்காது, சாஞ்சா நீங்களும் சீட்டும் சேந்து பின்னாடி போவீங்க. எஞ்சின் பின்னால, பாத்ரூமும் பின்னால. லேட்டா வர்றவங்களுக்கு அந்த எஞ்சின் பக்கத்து எடம் தான் கெடைக்கும், ரெண்டு நாளும் காது அடைச்சு போயிடும். சியாங் ராய்ல இருந்து வேன்ல கூட்டிட்டு வர்ற பேக்கேஜ் ஆளுங்க பார்டர் தாண்டி கடைசியா வந்து நின்னதை நானே பாத்திருக்கேன். அதிக காசு குடுத்து எஞ்சின் பக்கத்துல உக்காந்தாங்க.

அதனால முந்தின நாளே பார்டர் தாண்டி ஹுவாய் சாய்ல தங்கிடுங்க. சியாங் ராய் பஸ் ஸ்டாண்டுல இருந்து தாய்லாந்து கரையில இருக்கற சியாங் கோங்குக்கு லோக்கல் பஸ் இருக்கு, சுமார் ரெண்டரை மணி நேரம். அங்க இருந்து டுக்டுக் (ஆட்டோ மாதிரி வண்டி) புடிச்சு, ஆத்தைத் தாண்டி லாவோஸ் போற நட்புப் பாலம். முன்னாடி எல்லாம் சியாங் கோங் ஊருக்குள்ளயே சின்னப் படகுல அந்தக் கரைக்கு போயிடுவாங்க, 2013 டிசம்பர்ல பாலம் தொறந்ததுல இருந்து வெளிநாட்டுக்காரங்க பாலம் வழியா தான் போகணும், பழைய குறிப்பு எதையாவது படிச்சுட்டு ஆத்தங்கரைக்கு போய் நிக்காதீங்க. பாலத்துல நடக்க விட மாட்டாங்க, ஷட்டில் பஸ் தான். காலையில படித்துறை கவுண்டர்ல போர்டுல இருக்கற ரேட்டை குடுத்து டிக்கெட் வாங்கி, சீக்கிரமா ஏறி முன் பக்கமா உக்காருங்க.

ஏஜென்ட்டுங்க சொல்ற மூணு விஷயத்தை நம்பாதீங்க. பாக்பெங்ல ரூம் எல்லாம் ஃபுல்லுன்னு சொல்வாங்க, அங்க ஏடிஎம்மே இல்லன்னு சொல்லி படு மோசமான ரேட்டுல கிப் (லாவோஸ் காசு) மாத்தி விடுவாங்க, குஷன் இல்லாம உக்கார முடியாதுன்னு ஒண்ணை தலையில கட்டுவாங்க. பாக்பெங்ல ஏடிஎம் இருக்கு, ஆனா சில நாள் காசு தீந்துடும், அதனால ஹுவாய் சாய்லயே எடுத்து வெச்சுக்கோங்க. குஷன் தேவையில்ல, வேன் சீட்டு வேன் சீட்டு தான்.

இன்னொன்னு, பழைய ரேட்டு எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. 2019ல ஒரு டாலருக்கு 9,000 கிப் கூட இல்ல, 2024ல 21,000 தாண்டிருச்சு. கிப்ல விலை ஏறிப் போச்சேன்னு கவுண்டர்ல சண்டை போடுறவங்களை பாத்திருக்கேன், டாலர்ல கணக்கு போட்டா பல எடத்துல பெருசா ஏறியே இருக்காது. மிச்சமான கிப்பை லாவோஸ் விட்டு கெளம்புறதுக்கு முன்னாடியே செலவு பண்ணிடுங்க, வெளிய வந்துட்டா வாங்க ஆள் இல்ல.

கடைசியா ஒரு செலவு, எல்லாரும் டென்ஷன் ஆகுறது இங்க தான். படகு லுவாங் பிரபாங் ஊருக்குள்ள விடாது, சுமார் 10 கிலோமீட்டர் முன்னாடியே எறக்கி விட்ருவாங்க. அங்க டுக்டுக்குக்கு தனி கவுண்டர், ஆளுக்கு இவ்ளோன்னு ரேட்டு. கத்தி பிரயோஜனம் இல்ல, வெயில்ல மூட்டையோட நடக்கவும் முடியாது, பட்ஜெட்லயே சேத்துக்கோங்க.

கேள்வி: பாக்பெங் ரூமை ஆப்ல முன்கூட்டியே புக் பண்ணலாமா? ரேட்டிங் எல்லாம் 8க்கு மேல காட்டுது.

நான் ஒரு தடவை அப்படி தான் பண்ணேன். போட்டோல பால்கனி, ஆத்தைப் பாக்குற ஊஞ்சல், எல்லாம் இருந்துச்சு. போய் பாத்தா அந்த பால்கனி ஓனர் வீட்டுது, எனக்கு குடுத்தது பின்பக்கம் ப்ளைவுட் தடுப்பு போட்ட ஒரு ரூம், பக்கத்து ரூம்காரர் இருமுனா என் கொசுவலை ஆடுது. ஃபேன் ப்ளக் சாக்கெட்ல நிக்கவே இல்ல, படகு டிக்கெட்டை நாலா மடிச்சு சொருகுனதுக்கு அப்புறம் தான் சுத்துச்சு. ரீஃபண்ட் கேட்டா காசு ஆப்காரன்கிட்ட இருக்குன்னு இவங்க, லாட்ஜ் ஒத்துக்கிட்டா தான் தருவோம்னு அவங்க, கடைசி வரைக்கும் வரல.

பாக்பெங்ங்கறது ஒரு மேட்டுத் தெரு, ரெண்டு பக்கமும் கெஸ்ட் ஹவுஸ், அவ்ளோ தான் ஊரு. சாயங்காலம் படகு வந்து நிக்கும்போதே கார்டை தூக்கிக்கிட்டு ஓனருங்க படித்துறையில நிப்பாங்க. கூட வந்தவரை பைய பாத்துக்க சொல்லிட்டு ஒரு ஆள் மட்டும் மேல போய் ரெண்டு மூணு ரூம் பாருங்க. பாத்துட்டு தான் காசு. புக் பண்ணியே ஆகணும்னா அங்க வந்து காசு குடுக்குற மாதிரி, ஃப்ரீயா கேன்சல் பண்ற மாதிரி ஆப்ஷனா பாத்து எடுங்க, பீக் சீசன்ல குடும்பத்தோட போறவங்களுக்கு அது சரி.

ரூம்ல எதை பாக்கணும்னா, மொதல்ல பெட். பெட்ஷீட்டை தூக்கிட்டு மெத்தை ஓரத்துல தையல் போட்ட எடத்துல மொபைல் டார்ச் அடிங்க, கருப்பா மிளகை பொடிச்சு தூவுன மாதிரி புள்ளி இருந்தா அது மூட்டைப்பூச்சி வேலை, பேசவே வேணாம், அடுத்த வீடு. கட்டில் சட்டம் செவுத்துல முட்டுற எடத்தையும் பாருங்க. பைய கட்டில் மேல வெக்காதீங்க, இல்லன்னா அதுங்களும் உங்க கூட சென்னை வரும். அப்புறம் உள் தாழ்ப்பாள், ஃபேன், தண்ணி வருதா. இது மூணும் ஓகேன்னா மத்ததை கண்டுக்காதீங்க, ஒரு நைட் தானே. ராத்திரி செவுத்துல இருந்து "டொக்கே டொக்கே"ன்னு பெரிய பல்லி கத்தும், அதுக்கு ஓனர் பொறுப்பில்ல.

ஊர்ல இருந்து வாங்கிட்டு போக வேண்டியது ரெண்டே ஐட்டம், ஒரு மெல்லிய பருத்தி போர்வை, ஒரு நல்ல சின்ன பூட்டு. டிராவல் ஷாப்ல பட்டுல தெச்ச ஸ்லீப்பிங் லைனர்னு, உள்ள நுழைஞ்சு படுக்கற பையை ஆயிரக்கணக்குல விக்கிறான், ரெண்டு பழைய காடா வேட்டியை சேத்து தெச்சா அதே வேலை.

கேள்வி: ஸ்பீட் போட்ல போனா ஒரே நாள்ல, ஆறேழு மணி நேரத்துல போயிடலாமாமே, ரூம் காசும் மிச்சம்?

வேணாம். ஆத்துல தண்ணி கொறையுற மாசத்துல பாறை எல்லாம் மேல வந்துரும், ஹெல்மெட் மாட்டி ஏத்துறாங்கன்னா எதுக்குன்னு யோசிங்க. அடிபட்டு உசுரும் போயிருக்கு. உங்க டிராவல் இன்சூரன்ஸ்ல அது கவர் ஆகுதான்னு பாலிசிய படிச்சு பாத்தீங்கன்னா ஆசையே போயிடும். நேரம் இல்லாதவங்க திரும்பி வரும்போது லுவாங் பிரபாங்ல இருந்து தலைநகர் வியன்டியனுக்கு ரயில்ல வாங்க, 2021 டிசம்பர்ல தொறந்த லைன், ரெண்டு மணி நேரத்துல விட்ருவான்.

கேள்வி: தம்பி, என் பொண்ணு 23 வயசு, தனியா இந்த படகுல போய் ஹாஸ்டல்ல தங்கப் போறாளாம். தடுக்க முடியல. எதை கவனிக்க சொல்லணும்?

அக்கா, படகுல பயம் இல்ல, அதுல லாவோ குடும்பங்க, கோழி, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். ஹாஸ்டல்ல பெண்கள் மட்டும் சேந்து தங்குற டார்ம் ரூம் எடுக்க சொல்லுங்க, லாக்கருக்கு பூட்டு அவளே கொண்டு போகட்டும், பாஸ்போர்ட்டை டெபாசிட்டா யார் கேட்டாலும் குடுக்க வேணாம், ஜெராக்ஸ் போதும்.

முக்கியமா ஒண்ணு. 2024 நவம்பர்ல லாவோஸ்ல வாங் வியங்ங்கற ஊர்ல மெத்தனால்ங்கற விஷ ஆல்கஹால் கலந்த சரக்கு குடிச்சு ஆறு வெளிநாட்டு டூரிஸ்ட்டுங்க செத்தாங்க, எல்லாம் பேக்பேக்கிங் வந்த மாதிரி ஆளுங்க. மெத்தனாலுக்கு தனி ருசி கிடையாது, குடிக்கும்போது தெரியாது. பார் வாசல்ல ஹாஸ்டல் கவுண்டர்ல "ஃப்ரீ ஷாட்"னு ஊத்துற எதையும் தொடக் கூடாது, பக்கெட்ல கலந்து குடுக்குறதும் வேணாம். குடிப்பாளான்னு கேக்காதீங்க, கேட்டா இல்லன்னு தான் வரும், இதை மட்டும் சொல்லிடுங்க.

கேள்வி: சைவம். படகுல என்ன கெடைக்கும்? அப்புறம் கார்டு எடுத்துட்டு போனா போதுமா?

படகுல கப் நூடுல்ஸ், சிப்ஸ், பியர், அவ்ளோ தான், கரையை விட விலையும் ஜாஸ்தி. ஹுவாய் சாய் கடையில பகெட் ரொட்டி, வாழைப்பழம் வாங்கிக்கோங்க, நம்ம ஊர்ல இருந்து ஒரு டப்பா பருப்புப் பொடி. காய்கறின்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அதனால "போ சை நாம் பா"ன்னு சொல்லுங்க, மீன் சாஸ் போடாதேன்னு அர்த்தம்.

கார்டு மட்டும் போதாது, படித்துறையில கேஷ் தான். ஏடிஎம்லயோ மெஷின்லயோ ரூபாயில கணக்கு போடவான்னு கேட்டா வேணாம்னு அமுக்கி கிப்லயே எடுங்க, அந்த ரூபாய் ரேட்டு மெஷின்காரன் வெக்கிறது. அதுக்கு மேல உங்க பேங்க் ஃபாரெக்ஸ் மார்க்கப்னு, வெளிநாட்டு காசுல எடுக்கறதுக்கு ஒரு கட்டணம் தனியா போடும், நெறைய கார்டுல 3.5 சதவீதம் வரைக்கும், கூட ஜிஎஸ்டி. கெளம்புறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டு கேளுங்க, இன்டர்நேஷனல் டிரான்ஸாக்ஷன் ஆன்ல இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க. விசா பார்டர்லயே வாங்கறதா இருந்தா டாலரை மடிப்பு, கிழிசல், பேனா எழுத்து எதுவும் இல்லாத நோட்டா பாத்து வாங்கிட்டு போங்க, எனக்கு முன்னாடி நின்ன ஒருத்தரோட நோட்டை நுனியில அரை இன்ச் கிழிசலுக்காக திருப்பி குடுத்துட்டாங்க, அவர் க்யூ முழுக்க நடந்து வேற நோட்டு கேட்டுக்கிட்டு இருந்தாரு.