டவரை நம்பி வயரை விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து முறை வயர் அறுந்து, சரியாக இரண்டு நாள் ஆகிவிடுகிறது. சிம் போட்ட 5ஜி ரவுட்டர் வைத்தால் வயர் தொல்லையே இல்லை என்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மகன் ஆன்லைனில் கேம் ஆடுவான். வாசலில் கேமரா உண்டு. மாறலாமா?

பதில்: மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேகம் போதவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, வயர் அறுவதுதான் உங்கள் குறை. அந்த இரண்டு நாளை போன் ஹாட்ஸ்பாட்டை வைத்தே ஓட்டிவிடலாம். அதற்காக வருஷம் முழுக்க ஃபைபரை விட்டுக்கொடுப்பானேன்?

நானும் ஒருமுறை இப்படி மாறி, ஐந்து மாதத்தில் திரும்பி வந்தவள். பெட்டியை வைத்த அன்று காலை பதினோரு மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் 280 எம்பிபிஎஸ் காட்டியது. இரவு ஒன்பதரைக்கு, அதே பெட்டி, அதே இடம், 14. பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு டவர் தருகிற வேகத்தை அந்தப் பகுதியின் போன்களும் வீட்டுப் பெட்டிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் பங்கு சுருங்கிவிடும். ஃபைபரிலும் பங்கு உண்டுதான். பரவலாக இருக்கிற ஜிபான் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரித்துக்கொள்ளும். ஆனால் அங்கே யாரும் திடீரென்று வந்து சேர முடியாது.

படம் பார்க்க அந்த 14 தாராளம். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும். என்னை வாட்டியது அப்லோடு. 5ஜி அதிகம் ஓடுகிற 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளில், ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துத்தான் டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். பெரும்பகுதி நேரம் டவுன்லோடுக்குப் போய்விடும். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது, நான் பேசுவது அவர்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்டிருக்கிறது. குறை என் பக்கம் என்று தெரியவே மூன்று வாரம் ஆனது. வீட்டிலிருந்து வேலை செய்கிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

கேமுக்கு வேகத்தைவிட பிங், அதாவது ஒரு தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், முக்கியம். அது 40 மில்லிசெகண்டில் நிலையாக நின்றால் பையன் சந்தோஷமாக ஆடுவான். 30க்கும் 200க்கும் இடையில் குதித்தால் ஆட முடியாது. கேமரா, நிறுவனத்தின் ஆப் வழியாக ஓடுகிறது என்றால் கவலையில்லை. வெளியிலிருந்து நேரடியாக வீட்டு ஐபி முகவரிக்கு வந்து பார்க்கிறீர்கள் என்றால் சிக்கல். மொபைல் நெட்வொர்க்குகளில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி தருவது வழக்கம், அதனால் வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டை எட்ட முடியாது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அதுதான் நடக்கிறது.

சரி, மனசு கேட்கவில்லை என்றால் ஃபைபரை நிறுத்தாமல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பெட்டியை டவர் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி சிக்னலையும் தடுக்கும், அந்த ஜன்னல் வேண்டாம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும். மைனஸ் 80 அருமை, மைனஸ் 110க்கும் கீழே போனால் கஷ்டம். ஒரு அடி நகர்த்தினாலே இது மாறும், பொறுமையாகத் தேடுங்கள். டெஸ்ட்டை இரவு ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள், அப்லோடு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்கள், டவர் சிக்னல் நன்றாக இருந்தால் தயங்காமல் மாறலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் இது வசதி.

அப்புறம், வயர் ஒவ்வொரு முறையும் எங்கே அறுகிறது என்று ரிப்பேருக்கு வருபவரிடம் கேளுங்கள். ஒரே இடம்தான் என்றால், அந்த இடத்தைத் தவிர்த்து வேறு வழியாக இழுத்துத் தரச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.